கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள்: 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மன அழுத்தம்

பாடசாலை வான் வருகிற நேரம் பார்த்து வயிற்றுவலி என்று படுக்கிற பிள்ளை, ஒன்றுமில்லாத விசயத்துக்குக் கதவை அடித்துச் சாத்துகிற பிள்ளை, இரவு பத்தரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிற பிள்ளை. ஆறாம் தரத்துக்கும் ஒன்பதாம் தரத்துக்கும் இடையில் இலங்கையின் கிழக்குக் கரையில் பல வீடுகளில் இப்படி ஒன்று நடக்கிறது. உடனே ஆலோசனைகளும் வந்து சேரும். அம்மம்மா “கண்ணூறு கழிக்க வேணும்” என்பார். அப்பா போனைப் பறிப்பார். சொந்தத்தில் ஒருவர் கவுன்சிலிங் என்பார், இன்னொருவர் யோகா வகுப்பு என்பார். ரியூசன் ஆசிரியர் மட்டும் கணக்கில் பின்தங்கியதுதான் காரணம் என்று சொல்லி இன்னொரு வகுப்புக்கு நேரம் குறித்துத் தருவார்.

இவற்றில் எதை முதலில் செய்வது? ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, எடுக்கும் காலம் வேறு, சரிவராவிட்டால் திரும்பி வருவதில் உள்ள சிரமமும் வேறு. என் பார்வை இதுதான்: மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பிள்ளையின் நாளில் இன்னொன்றைக் கூட்டுகின்றன. கூட்டுவதற்கு முன், எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். சில நிலைமைகளில் இந்த ஒழுங்கு செல்லாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பயமோ நெருக்கடியோ வந்ததும் மூளையின் ஹைப்போதலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கூடுகிறது. அதற்கு முன்பே, நரம்பு வழியாகப் போகும் செய்தியில் அட்ரினலின் சுரந்துவிடும். நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும், குடலுக்குப் போகும் இரத்தம் குறையும். ஆகவே காலையில் வரும் வயிற்றுவலி நடிப்பென்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். உண்மையிலேயே வலிக்கும். பரீட்சைக்கு முதல்நாள் வரும் படபடப்பு இந்த வகைதான், அது படிக்கவும் வைக்கும், அடுத்த நாளே அடங்கியும் விடும். கிழமைக்கணக்காக அடங்காமல் நின்றால்தான் நித்திரை, பசி, ஞாபகம் என்று ஒவ்வொன்றாகக் கெடும்.

இந்த வயதுக்கென்று இன்னும் இரண்டு விசயங்கள் உண்டு. பெண்பிள்ளைகளில் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குகிறது. அதோடு நித்திரையை வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் பிந்திச் சுரக்கத் தொடங்கும். ஒன்பது மணிக்கே தூங்கிய பிள்ளை பத்தரைக்கும் தூங்காமல் கிடப்பதில் ஒரு பங்கு இதற்கு. இரண்டாவது, நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முழுதாக முதிரும். உணர்ச்சி எழும் பகுதிகள் அதற்கு வெகு முன்பே சுறுசுறுப்பாகிவிடும். கோபத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் “கொஞ்சம் யோசிச்சு நட” என்றால் அந்த நேரத்தில் அது ஏறாது. ஒரு மணித்தியாலம் விட்டுச் சொன்னால் ஏறலாம்.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலைமைகள்

சாகவேண்டும், இருந்து என்ன பயன் என்ற பேச்சு, உடம்பில் தானே கீறிய அடையாளம், நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாதது, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வது, இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல் சோர்ந்து கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே உள்ள தெரிவுகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துக்கொண்டிருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. களுவாஞ்சிகுடி, கல்முனை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. இரவென்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்று பட்டால் பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்து வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அது வீட்டாளாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

“சாகவேணும் போல இருக்கா?” என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை. யாரோ ஒருவர் கேட்டாரே என்று பிள்ளை வாய்திறக்கவே வாய்ப்பு அதிகம். வயல் செய்கிற வீடென்றால் இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கிருமிநாசினி, களைநாசினிப் போத்தல்களைப் பூட்டி வைத்துத் திறப்பைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கொடிய நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் இருப்பதே உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மற்றப் பிள்ளைகள், அதாவது பெரும்பாலான பிள்ளைகள், இந்தப் பட்டியலுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத்தான் தெரிவு என்ற பேச்சே.

ரியூசனைக் குறைப்பதா, அப்படியே விடுவதா?

எட்டாம் தரப் பிள்ளை ஒன்றின் நாளைக் கூட்டிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழும்பி, ஆறரைக்கு வானில் ஏறி, ஏழரையிலிருந்து ஒன்றரை வரை பாடசாலை. வீடு வந்து சாப்பிட இரண்டேகால். மூன்றிலிருந்து ஆறு வரை ரியூசன், ஏழிலிருந்து வீட்டுவேலை, படுக்கப் பத்தரை. நித்திரை ஆறரை மணித்தியாலம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணித்தியாலம், பதின்மூன்றிலிருந்து 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் கடன். இந்தக் கடனோடு திரியும் பிள்ளையிடம் தெரிகிற எரிச்சல், மறதி, அழுகை எல்லாம் மன அழுத்தத்தின் அடையாளங்களேதான். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, நித்திரையைக் கொடுத்துப் பார்ப்பது.

இதில் மூன்று வழி உண்டு. எல்லா வகுப்பையும் நிறுத்துவது ஒன்று. கிழமை நாள் வகுப்புகளைச் சனி, ஞாயிறுக்கு மாற்றுவது இன்னொன்று. ஒன்றிரண்டு பாடத்தை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு தவணைக்கு விடுவது மூன்றாவது.

இரண்டாவதைப் பலர் விரும்புகிறார்கள், ஏனென்றால் எதையும் இழக்காதது போலத் தெரியும். எனக்கு அது பிடிக்காத தெரிவு. கிழமை முழுக்கச் சேர்ந்த நித்திரைக் கடனைத் தீர்க்க இருந்த இரண்டு காலைகளையும் அது தின்றுவிடும். அறநெறி வகுப்போ மறைக்கல்வியோ குர்ஆன் மத்ரசாவோ ஏற்கெனவே வார இறுதியில் ஒரு துண்டை எடுத்திருக்கும். முதலாவது, கேட்க நன்றாக இருந்தாலும், சில பிள்ளைகளுக்குத் தண்டனையாகப் படும். பாடசாலையில் பேசக் கிடைக்காத கூட்டாளிகளை அவர்கள் சந்திப்பதே ரியூசன் கொட்டிலில்தான். பிள்ளையைக் கேட்காமல் நிறுத்தினால் சிநேகிதமும் சேர்ந்து நிற்கும்.

ஆகவே மூன்றாவது. உண்மையில் பின்தங்கிய ஒரு பாடம், பிள்ளை தானே விரும்பும் ஒரு பாடம், அவ்வளவு போதும். மிச்சத்தை ஒரு தவணைக்கு விட்டுப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிடுவார்களே என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிந்தால் பதினோராம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சை வரை நாடளாவிய பரீட்சை ஒன்றும் இல்லை. ஏழாம் எட்டாம் தரத்தில் வருவதெல்லாம் தவணைப் பரீட்சைகள். அந்தப் புள்ளிகளை வைத்து யாரும் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுப்பதில்லை. தவறினால் திருத்திக்கொள்ளக் கால அவகாசம் உள்ள வருசங்கள் இவைதான். பரிசோதனை செய்வதென்றால் இப்போதே செய்ய வேண்டும், பத்தாம் தரத்தில் செய்ய ஏலாது.

இந்த வழியின் பெரிய வசதி, செலவில்லை, ஒரு தவணையில் விளைவு தெரியும், சரிவராவிட்டால் அடுத்த மாதமே வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம். வேறெந்தத் தெரிவுக்கும் இந்த மூன்றும் சேர்ந்து கிடையாது.

நித்திரையால் தீராத சுமையும் உண்டு. ஊர்ப் பாடசாலையில் எப்போதும் முதலாம் இடம் எடுத்த பிள்ளை, புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி தாண்டி நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போய் இருபத்தெட்டாம் இடத்தில் நிற்கும். அங்கே எல்லாரும் தங்கள் ஊரில் முதலாம் இடம் எடுத்தவர்கள். இதற்கு ரியூசனைக் கூட்டுவதும் மருந்தாகாது, குறைப்பதும் மருந்தாகாது. புது இடத்தில் ஒரு கூட்டாளி கிடைக்கும் வரை காலம் கொடுக்க வேண்டும், “எத்தினையாம் இடம்?” என்ற கேள்வியை வீட்டுக்கு வருகிறவர்களின் வாயிலிருந்தும் தடுக்க வேண்டும். பின்னது கஷ்டமான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

விளையாட்டும் கலையும்

மிச்சப்பட்ட நேரத்தை என்ன செய்வது? ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரி அறுபது நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சைக்கிளில் கல்லடிக் கடற்கரை வரை போய்வந்தாலும் கணக்கில் சேரும். பயிற்றுவிப்பாளரை வைத்துச் சுற்றுப்போட்டிக்குத் தயார் செய்வது வேறு சங்கதி. மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் ஊன்றிவிட்ட கூடைப்பந்தாட்டத்துக்குப் பெரிய பேர் இருக்கிறது, அருட்தந்தை வெபரின் பெயரில் மைதானமே இருக்கிறது. ஆனாலும் தோற்றால் அழவைக்கும் விளையாட்டு, ஏற்கெனவே அழுகிற பிள்ளைக்கு இன்னொரு பரீட்சைதான். வெல்லும் தோற்கும் கணக்கில்லாத விளையாட்டையே முதலில் எடுப்பேன்.

கலை வழியும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வரைந்தும் களிமண் பிசைந்தும் கதை சொல்லி நடித்தும் விளையாடினார்கள். பிள்ளைகளை உட்கார வைத்துத் துயரத்தைச் சொல்லு என்று கேட்காமல், கைக்கு வேலை கொடுத்து, சொல்ல விரும்பினால் சொல்லட்டும் என்று விட்டதுதான் அதன் பலம். வீட்டிலும் அது நடக்கும். மீன் வெட்டும்போதோ பின்னேரம் கோழிக்குத் தீன் போடும்போதோ வாய் திறக்கிற பிள்ளை, நாற்காலியில் எதிரே இருத்தி வைத்தால் ஒன்றும் சொல்லாது.

வீட்டில் யார் பேசுவது?

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை வீட்டுக்கு எடுக்கும் வழக்கத்தால், அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்த வேலிக்குள்ளோ இருப்பார்கள். அம்மாவிடம் சொன்னால் ஏச்சு விழும் என்று பயப்படும் பிள்ளை, கலியாணமாகாத சின்னம்மாவிடம் சொல்லும். ஆண்பிள்ளைக்குத் தாய்மாமன். அம்மா நேரே விசாரிப்பதையும் சின்னம்மாவை விட்டுக் கேட்பதையும் ஒப்பிட்டால், உடம்பு மாற்றம், பெடியன்களின் பகிடி, பாடசாலையில் யாரோ அடிப்பது போன்றவற்றுக்குச் சின்னம்மா வழி பலமுறை விரைவாகப் பலிக்கும். நிபந்தனை ஒன்று உண்டு. சொன்ன கதை அன்று பின்னேரமே வளவு முழுக்கப் பரவினால் அந்தக் கதவு அதோடு மூடிவிடும். ஆபத்தான விசயத்தை மட்டும் அம்மாவுக்குச் சொல்லுவேன் என்று சின்னம்மா முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவைப்பது நல்லது.

சாமத்தியச் சடங்கும் இந்த இடத்தில்தான் வருகிறது. சில பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். சிலருக்கு மண்டபம், அல்பம், வீடியோ, முகநூல் என்று உடம்பின் அந்தரங்கம் ஊருக்குத் தெரிகிற வெட்கம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆலோசனை பெற மூன்று வாசல்

குறைத்தும் பேசியும் ஒரு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால், தவணை முடியும்வரை காத்திராமல், வெளியாள் வேண்டும். பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர், வைத்தியசாலை உளநலப் பிரிவு ஆகிய மூன்றும் இலவசம். பணத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

பாடசாலை ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார். வகுப்பில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியும், இடத்தை மாற்றி இருத்தவும் பகிடிவதையை நிறுத்தவும் அவரால் முடியும். ஆனால் அவர் பாடமும் எடுக்கிறார், அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பிள்ளைக்குள்ள பயம் வேறு: ஆசிரியர் அறையில் கதை போகுமோ என்பது. பிரச்சினை பாடசாலைக்குள் இருந்தால் இவரே முதல் தெரிவு. பிரச்சினை ஒரு ஆசிரியரே என்றால் இவரிடம் போவதில் பிள்ளைக்குத் தயக்கம் இருக்கும்.

பிரதேச செயலகத்தில் உள்ளவர் வீட்டுப் பிரச்சினைக்குப் பொருத்தமானவர். அப்பாவின் குடி, பெற்றோர் பிரிவு, கடன் தொல்லை, இப்படிப் பிள்ளையைவிடப் பெரியவர்களோடு பேசவேண்டிய விசயங்கள். அதே கட்டடத்தில் சிறுவர் உரிமை, சமூகசேவை உத்தியோகத்தர்களும் இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்புவதும் எளிது. சின்ன ஊரில், அந்தப் படியில் ஏறுவதை யாராவது காண்பார்களே என்ற கூச்சம் மட்டும் இருக்கும். செயலகத்துக்கு ஆயிரம் அலுவலுக்கு ஆட்கள் போவதால், ஆஸ்பத்திரி கிளினிக்கைவிட இங்கே அந்தக் கூச்சம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

வைத்தியசாலையில் காத்திருக்க வேண்டும், பாடசாலை நாளொன்று போகும், “பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போனது” என்று யாராவது நாக்கை நீட்டவும் கூடும். ஆனால் நித்திரையின்மை, தலைவலி, வயிற்றுவலிக்குப் பின்னால் இரத்தச்சோகையோ தைரொயிட்டோ வேறு நோயோ இருக்கிறதா என்று பார்க்க வேறு வாசலில் வசதி இல்லை. மன அழுத்தமா மனச்சோர்வு நோயா என்று பிரித்துச் சொல்லப் பயிற்சி உள்ளவர்களும் அங்கேதான். போனால் மருந்து தந்துவிடுவார்கள் என்ற பயம் தேவையற்றது. இந்த வயதில் பெரும்பாலும் பேச்சு வழியும் குடும்பத்தோடு பேசுவதும்தான் தொடக்கம், மருந்து சிலருக்கு மட்டும்.

கோயிலும் ஓதிப் பார்ப்பதும்

கண்ணூறு கழிப்பது, நூல் கட்டுவது, தண்ணி ஓதிக் கொடுப்பது எல்லாம் இந்தக் கரையில் தமிழர், முஸ்லிம் இரு வீட்டாருக்கும் பழக்கம். இதை எதிர்த்துச் சண்டைபிடிக்கத் தேவையில்லை. அம்மம்மா தலையில் கைவைத்து நிற்கும் அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்கு ஆறுதலாகவே இருக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாள்களில் ஊரோடு சேர்ந்து நிற்பதும் அப்படித்தான். இரண்டு இடத்தில் மட்டும் கோடு போடுவேன். பிள்ளையில் பேய் நிற்கிறது என்று சொல்லி அடிக்கிற, புகைபோடுகிற, பட்டினி போடுகிற இடத்துக்குப் போகக்கூடாது. கழிப்பு முடியட்டும் என்று ஆஸ்பத்திரிப் பயணத்தைப் பிந்தவிடவும் கூடாது. இரண்டும் ஒரே கிழமையில் நடக்கலாம்.

போனைப் பறிப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. முழுக்கப் பறித்தால் சண்டையும் ஒளிப்பும் வரும். இரவு ஒன்பதிலிருந்து காலை வரை வீட்டில் எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, ஹோலில் சார்ஜில் கிடப்பது அதைவிட நல்ல தெரிவு. யோகா, மூச்சுப் பயிற்சி வகுப்புகளுக்குக் காசு கட்டத் தேவையில்லை. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது, சில நிமிடம். நீளமாக விடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகினால்தான் பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்கும்.

அம்மா வெளிநாட்டில் என்றால்

மேலே சொன்ன தெரிவுகள் எல்லாம் ஒரு அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருப்பதாக வைத்துச் சொன்னவை. குவைத்திலோ கட்டாரிலோ அம்மா வேலை செய்யும் வீடுகள் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் நிறைய. அங்கே பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. அவருக்கு ரியூசன் அட்டவணையைக் குறைக்கும் அதிகாரம் இருக்காது, ஏனென்றால் அந்தக் காசை அனுப்புவது அம்மா, வகுப்பைக் குறைத்தால் தன் உழைப்பு வீண் என்று அம்மாவுக்குப் படும். இந்த நிலைமையில் குறைப்பதற்கு முதல் அம்மாவோடு பேச வேண்டும், பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரம். கூப்பிடும்போது முதல் கேள்வி புள்ளியைப் பற்றி இருந்தால், அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். நினைத்த நேரம் வரும் நீண்ட அழைப்பைவிடக் கிழமையில் குறித்த நாளில் குறித்த நேரம் வரும் சின்ன அழைப்புப் பிள்ளைக்குப் பிடிமானம். அப்புறம், அவசரமென்றால் யாருக்கு அறிவிப்பது, யார் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என்பதை ஒரு தாளில் எழுதி, அம்மா வெளிநாட்டில் என்பதையும் குறிப்பிட்டு, வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மம்மாவிடம் போன் இல்லையென்றால் சின்னம்மாவின் இலக்கத்தையும் அதில் போடுங்கள்.